அறம் ஊருக்கு ஊர் மாறுமா?



மகாவீரர் ஜயந்தி நாளன்று மாலை, ஜினாலயத் திருமுற்றத்தில் இளைஞர்களோடு அமர்ந்து அறநெறி பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். வேலை நிமித்தம் வெளிநாடு செல்லவிருந்த ஓர் இளைஞர் எழுந்து வினா ஒன்று எழுப்பினார். “எப்பொருளையும் ஒரே கோணத்தில் நோக்கி முடிவு கட்டலாகாது என்று நம் சமயமே கூறுகிறது. அதனை அநேகாந்தம் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அவ்வாறாயின், கொல்லாமையும் புலால் உண்ணாமையும் நம்முடைய கோணம். கொல்வதும் உண்பதும் பிறருடைய கோணம். அவரவர்க்கு அவரவர் அறம் என்று விட்டுவிடுவதே அநேகாந்தம் அன்றோ? எல்லோர்க்கும் ஒரே அறம் என்பது ஏகாந்தம் ஆகிவிடாதோ?” என்பது அவர் வினா.

அங்கிருந்த பெரியோர் சிலர் முகம் சுளித்தனர். நமக்கோ அவ்வினாவில் குற்றம் தோன்றவில்லை. நாளை வேற்று நாட்டில், வேற்று மனிதரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணப்போகும் பிள்ளை அவர். “எங்கள் வீட்டு வழக்கம்” என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாவிடில், அவ்வழக்கம் வீட்டை விட்டு எத்தனை நாள் உடன் செல்லும்? அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

வினாவில் உள்ள நியாயம்

முதற்கண் அவ்வினாவில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். உடை, உணவு, மணமுறை, இறந்தோர்க்குச் செய்யும் கடன் ஆகிய யாவும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தன் ஊர் வழக்கமே உலகத்தின் அறம் என்று எண்ணி, வேற்று மக்களை இழிந்தோர் எனக் கருதி அடக்கியாண்ட வரலாறும் உண்டு. இந்த அச்சம் காரணமாகவே, ஐக்கிய நாடுகள் அவையில் மனித உரிமைகள் பற்றிய அறிக்கை உருவாகிக்கொண்டிருந்த 1947-ஆம் ஆண்டில், அமெரிக்க மானிடவியல் சங்கம் ஒரு மறுப்புரை அனுப்பியது. ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை எல்லா மக்களுக்கும் பொது எனச் சுமத்தலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் 1948 டிசம்பர் 10-ஆம் நாள் அவ்வறிக்கை நிறைவேறியது. 48 நாடுகள் ஆதரித்தன; 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின; எதிர்த்து வாக்களித்த நாடு ஒன்றுமில்லை. குறிக்கத்தக்க செய்தி யாதெனில், அதே மானிடவியல் சங்கம் 1999-இல் மனித உரிமைகளை ஆதரித்துத் தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. வழக்கங்களின் வேறுபாட்டை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அறிஞர்களும், வேறுபாடு என்ற ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் நியாயப்படுத்த இயலாது என்று கண்டனர் போலும்.

சட்டம் மாறினால் அறம் மாறுமா?

அறம் என்பது ஒரு சமுதாயம் ஒப்புக்கொண்ட வழக்கமே, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். இதன் விளைவு யாதாகும்? நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே இதனை ஆராயலாம்.

1950-இல் சென்னை மாநிலத்தில், கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. பல்லாண்டுகள் அது ஏட்டளவிலேயே இருந்தது. 2003-இல் அதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்துமாறு அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு எழவே, 2004-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. வழக்கமும் சட்டமுமே அறம் எனில், கோயில் வாயிலில் ஆட்டை வெட்டுவது 1949-இல் குற்றமற்றது, 1950-இல் தீவினை, 2004-க்குப் பின் மீண்டும் குற்றமற்றது என்று கொள்ள வேண்டும். ஆட்டைக் கேட்டால் என்ன சொல்லும்? அதன் கழுத்தில் கத்தி பட்ட வலி இம்மூன்று காலத்திலும் ஒன்றேயன்றோ?

இங்கு நடுவுநிலை தவறாது மற்றொன்றையும் சொல்லுதல் வேண்டும். “நகரத்துக் கடைகளில் நாள்தோறும் ஆடுகள் வெட்டப்படுகின்றன, அதனைத் தடுக்காத நீங்கள், ஏழை எளியோர் தம் குலதெய்வத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை இடும் பலியை மட்டும் தடுப்பது என்ன நீதி?” என்று அச்சட்டத்தை எதிர்த்தோர் வினவினர். இவ்வினா கூரியது, நாம் அதனை மதிக்கிறோம். ஆனால் அவ்வினாவே ஒரு பொது அளவுகோலின்மேல் நிற்பதைக் காண்க. “அங்கும் உயிர், இங்கும் உயிர், ஒன்றைக் கண்டித்து மற்றொன்றை விடலாமா?” என்பதே அதன் பொருள். அதன் முடிவு பலியை ஏற்பது அன்று. நாவின் சுவைக்காக நிகழும் கொலையையும் சேர்த்து விலக்குவதே.

பெரும்பான்மையோர் ஒப்பியதே அறம் எனில், அதனை எதிர்த்துக் குரல் கொடுத்த ஒவ்வொருவரும் அக்காலத்தில் அறம் பிழைத்தவர் ஆகிவிடுவர். வேள்வியில் உயிர்ப்பலி பெருவழக்காயிருந்த நாளில் அதனை மறுத்த சிரமணர்கள் பிழை செய்தவராவர். 1829-இல் வங்காளத்தில் உடன்கட்டை ஏறும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்படுமுன் அதனை எதிர்த்து எழுதிய ராம்மோகன் ராயும் பிழை செய்தவராவார். சிறுபான்மையினராகப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவரும் நாம், “பலர் ஒப்பியதே அறம்” என்னும் கொள்கையை ஏற்பது நம் காலை நாமே வெட்டிக்கொள்வதாகும்.

அநேகாந்தம் கூறுவது யாது?

இனி, இளைஞரின் வினாவுக்கு மூலமான அநேகாந்தத்திற்கு வருவோம்.

அநேகாந்தம் என்பது “எல்லாக் கருத்தும் சரி” என்னும் கொள்கை அன்று. பொருள் பல தன்மைகளை உடையது. ஒரு கூற்று அவற்றுள் ஒன்றையே ஒரு நேரத்தில் சொல்ல இயலும் என்பதே அதன் கருத்து. ‘ஸ்யாத்’ என்னும் சொல்லை ‘ஒருவேளை’ என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது ஐயத்தைக் குறிக்கும் சொல் அன்று. ‘இன்ன வகையால்’ என்று வரையறுக்கும் சொல்லாகும். மண்குடம் ஒன்று தன் திரவியம், தன் இடம், தன் காலம், தன் பாவம் ஆகிய நான்கினால் உண்டு. பிறவற்றின் திரவியம், இடம், காலம், பாவம் ஆகியவற்றால் இல்லை. வகையைச் சொல்லாதவரை விடை இரண்டுபடும். வகையைக் குறிப்பிட்டுவிட்டால் விடை உறுதியாகிவிடும். அங்கே “உனக்கு உண்டு, எனக்கு இல்லை” என்னும் பேச்சுக்கு இடமில்லை.

யானையைத் தடவிய குருடர் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். ஆயினும் அதன் முடிவைப் பலர் நழுவவிடுகின்றனர். ஒருவன் காலைத் தடவித் தூண் என்றான். ஒருவன் காதைத் தடவி முறம் என்றான். இருவர் கூற்றிலும் ஓர் உண்மை உண்டு. ஏன்? நடுவே யானை ஒன்று நிற்பதால். யானையே இல்லை, அவரவர் தடவியதே அவரவர் யானை என்று சொல்பவனுக்கு அக்கதையில் இடமே இல்லை. ஒரு பகுதியைக் கண்டு, பிற பகுதிகளை மறுக்காதது நயம். தான் கண்டதே முழுமை என்பது துர்நயம். “அறம் முழுவதும் அவரவர் மனப்போக்கே, இதற்கு விலக்கில்லை” என்று சொல்பவர், தாம் அறியாமலே ஒரு கடும் ஏகாந்தத்தைத்தான் பேசுகிறார்.

நீலகேசி என்னும் நம் தமிழ்க் காப்பியத்தின் தலைவி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி எனப் பல தரப்பினரோடு வாதிட்டாள். “உம் உண்மை உமக்கு, என் உண்மை எனக்கு” என்று கருதியிருந்தால் அவள் ஊர் ஊராகச் சென்று வாதிட்டிருக்க வேண்டியதில்லை. இருவர்க்கும் பொதுவான உண்மை உண்டு, அதனை அறிவால் அடையலாம் என்ற நம்பிக்கையே வாதத்தின் அடிப்படை.

பொதுமையின் வேர்

அவ்வாறாயின் எல்லோர்க்கும் பொதுவான அறத்தின் வேர் எங்குள்ளது? நம் முன்னோர் அதனை ஏதோ ஒரு நாட்டின் வழக்கத்தில் தேடவில்லை. உயிரின் இயல்பில் கண்டனர். எல்லா உயிரும் வாழ விரும்புகிறது, துன்பத்தை வெறுக்கிறது. இது கருத்து அன்று, காட்சி. காலடி அதிர்வை உணர்ந்து ஓடும் எறும்பும், கத்தியைக் கண்டு கயிற்றை இழுக்கும் ஆடும் எந்த நாட்டுப் பண்பாட்டையும் கற்றவை அல்ல.

“உயிர்கள் துன்பத்தை வெறுப்பது உண்மையே, அதனால் நான் ஏன் அடங்கவேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். அவரிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றே. “உம்மை ஒருவர் துன்புறுத்தினால், அது தீது என்று சொல்வீரா, அல்லது எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்வீரா?” தமக்கு நேரும்போது எவரும் தீது என்றே சொல்வர். அதே துன்பம் பிற உயிர்க்கு நேரும்போது தீதன்று எனில், இரண்டுக்கும் வேறுபாடு காட்டுதல் அவர் கடன். ‘அது நான் அன்று’ என்பதைத் தவிர வேறு காரணம் கிடைப்பதில்லை. அது காரணமன்று, பட்சபாதமே ஆகும்.

மாறுவது யாது, மாறாதது யாது?

ஆயினும் அறத்தில் மாறும் பகுதி ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. இதனைப் பிரித்தறியாமையே குழப்பத்துக்குக் காரணம்.

பண்டு நம் நாட்டில் நெல் அளக்கும் மரக்கால் எங்கும் ஒன்றாயிருக்கவில்லை. இராசகேசரி என்றும் ஆடவல்லான் என்றும் பெயரிட்ட அளவைகளைச் சோழர் கல்வெட்டுகளில் காண்கிறோம். 1956-இல் இயற்றப்பட்ட எடை அளவுச் சட்டத்துக்குப் பின்னரே நாடெங்கும் கிலோவும் லிட்டரும் வந்தன. மரக்கால் ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் பேசிய அளவில் குறைத்து அளப்பது எந்த ஊரில் களவாகாமற் போயிற்று? கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்குரிய ஐந்து குற்றங்களுள் குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் வாங்குதலையும் நம் நூல்கள் வைத்துள்ளன. அளவை மாறுவது வழக்கம். அளவில் வஞ்சியாமை அறம்.

விரதங்களும் இத்தகையனவே. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், மிகுபொருள் விரும்பாமை ஆகிய ஐந்தும் துறவிக்கும் இல்லறத்தார்க்கும் ஒன்றே. துறவிக்கு அவை மகாவிரதம், நமக்கு அணுவிரதம். வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் ஏர் பிடித்து வாழ்ந்த நம் முன்னோர், உழும்போது மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் மடிவதை அறியாதவர் அல்லர். அதனாலன்றோ இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்து விளக்கினர். கொல்லவேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கற்ப இம்சை. இதனை இல்லறத்தான் முற்றும் விலக்குதல் வேண்டும். அடுக்களை வேலையிலும், தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வனவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். நிலைக்கேற்ப அளவு மாறுகிறது, திசை மாறுவதில்லை. வந்தவாசிக்குச் செல்லும் சாலையில் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நடக்கலாம். இருவர்க்கும் ஊர் ஒன்றே.

சுவேதாம்பர ஆகமமாகிய பகவதி சூத்திரத்தில் ஓர் உரையாடல் வருகிறது. கோசாம்பி நகரத்து அரசகுலப் பெண்மணி ஜயந்தி, உறங்குதல் நன்றா, விழித்திருத்தல் நன்றா என்று மகாவீரரை வினவுகிறாள். அறமற்றோர் உறங்குதல் நன்று, அறமுடையோர் விழித்திருத்தல் நன்று என்னும் கருத்துப்பட அவர் விடையிறுக்கிறார். விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் எதனால் மாறுகிறது? அவர் விழித்திருப்பதால் பிற உயிர்கள் துன்புறுமா, நலம் பெறுமா என்னும் ஒரே அளவுகோலால் மாறுகிறது. விடை இரண்டு, அளவுகோல் ஒன்று.

வெளிநாடு செல்லும் இளைஞருக்கு இது நேரடியாகப் பயன்படும். இலண்டன் நகரில் டிசம்பர் மாதம் மாலை 4 மணிக்குள் கதிரவன் மறைகிறான். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கிறது. இரவுணவு விலக்கும் நோன்பை அங்கே எவ்வாறு காப்பது என்பது எண்ணிப்பார்க்கவேண்டிய வினாவே. இருளில் உணவோடு சிற்றுயிர்களை அழிக்கலாகாது, நாவை அடக்கப் பழகவேண்டும் என்னும் நோக்கத்தை விடாமல், அவ்விடத்துக்கு ஏற்ற முறையை அறிந்தோரிடம் கேட்டு மேற்கொள்ளலாம். நோக்கத்துக்காக முறையை மாற்றுவது விவேகம். வசதிக்காக நோக்கத்தையே கைவிட்டு, அதற்கு அநேகாந்தம் என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

அறங்கள் முரண்படும்போது

வேடன் ஒருவன் வந்து மான் எவ்வழிச் சென்றது என்று கேட்கிறான். உண்மை சொன்னால் உயிர் போகும். இங்கே பொய்யாமையும் கொல்லாமையும் மோதுவதுபோல் தோன்றும். பிறர்க்குக் கேடு விளைவிக்குமாயின் மெய்யையும் சொல்லாதிருத்தலே இல்லறத்தானின் வாய்மை விரதம் என்று சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வகுத்தார். அதனைத் தழுவிய நம் அருங்கலச்செப்பும் இவ்வழியே செல்கிறது. வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், தீமை பயவாத சொல்லே வாய்மை என்னும் கருத்தை முதலில் நிறுத்தினார். அறங்களுக்குள் முறை உண்டு, கொல்லாமை தலையாயது. முறை இருப்பதனாலேயே, முரண்பாடு நேர்ந்தவிடத்தும் மனம்போல நடக்க உரிமை இல்லை.

செயலைப் போலவே எண்ணத்தையும் இவ்வறம் அளக்கிறது. யசோதர காவியத்தில், தாய் சொல்லைத் தட்டமாட்டாத மன்னன் உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிடுகிறான். வழக்கம் ஒப்பியது, உயிரும் போகவில்லை. எனினும் கொல்லும் எண்ணம் இருந்தமையால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழல்கின்றனர். பிறர் காணும் ஒழுங்கோடு அறம் முடிந்துவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

நமக்கே வைக்கப்பட்ட தேர்வு

பொது அறம் பிறரை அளக்க மட்டும் பயன்படும் கோல் அன்று, நம்மையும் அளக்கும். 2015 ஆகஸ்டு 10-ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனை நோன்பைத் தற்கொலைக்கு ஒப்பானது எனத் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் அமைதியாகத் திரண்டு வருந்தினர். ஆகஸ்டு 31-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டைத் தொழுது வளர்ந்த நமக்கு அவ்வருத்தம் இயல்பே.

ஆனால் அப்போது நம்மவர் பலர் சொன்ன விடை யாது? “இது எங்கள் வழக்கம், இதில் பிறர் தலையிடலாகாது” என்பதே. அன்பர்களே, இவ்விடை போதாது. உடன்கட்டையை ஆதரித்தோரும் அன்று இதனையே சொன்னார்கள். வழக்கம் என்பதால் ஒன்று அறமாகிவிடாது என்று பிறர்க்குச் சொன்ன நாம், நம் முறை வரும்போது வழக்கத்தின் பின் ஒளியலாமா?

நாம் சொல்லவேண்டிய விடை வேறு. தீராத நோயும், நீக்கவொண்ணாத இடையூறும், தளர்ந்த முதுமையும், பஞ்சமும் நேர்ந்த நிலையில், விருப்பு வெறுப்பு அற்று, எல்லோரிடமும் மன்னிப்பு வேண்டி, தானே உவந்து மேற்கொள்வது சல்லேகனை என்று நூல்கள் வரையறுக்கின்றன. சாவை விரும்புவதையும் அந்நோன்பின் குற்றமாகவே அவை எண்ணுகின்றன. சினத்தாலும் துயரத்தாலும் உயிரை மாய்த்துக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த நாட்டு நடுவர் முன்னும் நியாயத்தால் எடுத்துரைக்கலாம். அதே நியாயத்தால் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பெருமைக்காகவோ, பராமரிக்கும் பாரம் குறையும் என்றோ, முதியவர் ஒருவரை உற்றார் அந்நோன்பின்பால் சிறிதளவு தள்ளினாலும், அது சல்லேகனை ஆகாது, கொலையே ஆகும். இதனை நாம் முதலில் சொன்னால்தான் பிறர் நம் சொல்லைக் கேட்பர்.

இளைஞர்க்கு ஒரு சொல்

ஆதலின், எந்த வழக்கம் எதிர்ப்படினும், அது நம்முடையதாயினும் பிறருடையதாயினும், மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகுக. இதனால் துன்புறும் உயிர் யாது? அவ்வுயிரின் இடத்தில் நான் இருந்தால் இதனை ஏற்பேனா? நான் மாற்ற விரும்புவது முறையையா, நோக்கத்தையா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கண்டவன், எந்த நாட்டிலும் வழி தவறமாட்டான்.

அநேகாந்தத்துக்கு இங்கே வேலை இல்லையோ எனின், மிகவும் உண்டு. உடனமர்ந்து புலால் உண்பவரை இழிவாக நோக்காதே. அவர் எந்தக் கோணத்தில் நின்று காண்கிறார் என்று அறிய முயல்வாயாக. அவரிடம் நாம் கற்கவேண்டிய நேர்மையோ ஈகையோ இருக்கக்கூடும். நாம் காணாத பக்கம் ஒன்று எப்போதும் உண்டு என்னும் பணிவே அநேகாந்தம். ஆனால் அப்பணிவு, கண்ட உண்மையைக் கைவிடுவதாகாது. அவர் ஏன் உண்பதில்லை என்று கேட்டால், “எங்கள் வீட்டு வழக்கம்” என்று நிறுத்திவிடாமல், “அவ்வுயிரும் வாழ விரும்புகிறது” என்று மெல்லச் சொல்லுக. முதல் விடை நம் ஊரைச் சொல்லும். இரண்டாம் விடை அவருக்கும் பொருந்தும்.

அன்று வினா எழுப்பிய இளைஞர் பயணம் சொல்லிக்கொள்ள வந்தபோது, “அங்கே மரக்கால் வேறாயிருக்கும்” என்று புன்னகையோடு சொன்னார். அளவு குறையாது என்று நாம் நம்புகிறோம்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!